அருங்காட்சியகமா அவரை மூழ்கடித்தது? ஹாம்பர்க் வணிகர் கோடெஃப்ராயின் கணக்கு

ஒரு வாசகரின் கேள்வி, ஜனவரி 9

பத்தொன்பதாம் நூற்றாண்டில் "தென்கடல் அரசர்" என்று அழைக்கப்பட்ட ஹாம்பர்க் கப்பல் வணிகர் யோஹான் செசார் கோடெஃப்ராய், பறவைகளையும் பாம்புகளையும் தீவுவாசிகளின் கைவினைப் பொருட்களையும் சேர்த்து அருங்காட்சியகம் அமைப்பதிலேயே செல்வத்தைக் கரைத்துத் திவாலானார் என்று ஒரு காணொளியில் கேட்டேன். வணிகம் தெரியாத அறிவியல் பித்தர் என்றே அவரைக் கொள்ள வேண்டுமா?

ஜனவரி 9, இரவு

கதை கேட்பதற்கு இனிதாக இருக்கிறது. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் நிற்கவில்லை. கோடெஃப்ராய் 1813இல் கீல் நகரில் பிறந்தார். 1845இல் குடும்ப நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். அருங்காட்சியகத்தை 1861இல் தொடங்கினார். நிறுவனம் கடன்காரர்களுக்குப் பணம் தருவதை நிறுத்திக்கொண்டது 1879 டிசம்பர் 1 அன்று. அருங்காட்சியகம் அவரைத் தின்றது என்றால், இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில்தான் அவருடைய வணிகம் தென்கடலில், அதாவது பசிபிக்கில், சாமோவாத் தீவுகளிலிருந்து தோங்கா, யாப், மார்ஷல் தீவுகள், நியூ பிரிட்டன் வரை பரவியது என்பதற்கு விளக்கம் வேண்டும். நலிந்துகொண்டிருக்கும் கடை இப்படிக் கிளை பரப்பாது.

எனக்கு இந்த மனிதரில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் அறிவியல் அன்று, கொப்பரை. காங்கேயம் பக்கத்தில் எங்கள் குடும்பத்திற்குக் கொப்பரைக் களம் இருக்கிறது. ஐரோப்பியர்கள் பசிபிக் தீவுகளில் கொப்பரையை எப்படிப் பெரும் வணிகமாக்கினார்கள் என்று தேடிக்கொண்டு போனவன் இவர் பெயரில் வந்து முட்டினேன். ஆகவே நான் எழுதுவதில் களத்துக்காரனின் பார்வை இருக்கும்; வரலாற்று மாணவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ஜனவரி 10

முதலில் குடும்பம். இவர்கள் பிரான்சின் லா ரொஷெல் துறைமுகத்திலிருந்து மத ஒடுக்குமுறைக்கு அஞ்சி வெளியேறிய ஹ்யூகனோட்டுகள், அதாவது பிரெஞ்சுச் சீர்திருத்தக் கிறித்தவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹாம்பர்க்கில் வேரூன்றி, 1766இல் வணிக நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நம் கதாநாயகரின் தம்பி அடோல்ஃப், 1847இல் தொடங்கப்பட்ட ஹாபாக் கப்பல் நிறுவனத்தின் முதல் தலைவர். அந்த ஹாபாக்தான் இன்றைய ஹாபாக்-லாய்டின் மூதாதை. அண்ணனும் சும்மா இருக்கவில்லை. 1856இல் வடஜெர்மன் வங்கியை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். கப்பல், வங்கி, கப்பல் கட்டும் தளம் மூன்றிலும் கை வைத்திருந்த வீட்டுக்காரரை வணிகம் தெரியாதவர் என்று சொல்வது கடினம்.

தென்கடலுக்கு முன் இந்த நிறுவனம் வழக்கமான ஹாம்பர்க் பாணியில்தான் நடந்தது: ஜெர்மனியின் துணிகளை ஸ்பானிய அமெரிக்காவுக்கு அனுப்பி, செம்பு, சர்க்கரை, காப்பி ஆகியவற்றைத் திரும்ப ஏற்றி வருவது. சிலியின் வால்பரைசோவில் கிளை இருந்தது. 1849இல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவியபோது, தங்கம் தோண்டப் போகாமல், தோண்டப் போகிறவர்களுக்கு வேண்டிய சரக்கை அனுப்பினார்கள். ஜெர்மன் குடியேறிகளை ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றிச் செல்வதும் நல்ல வருமானம் தந்தது.

அதில் ஒரு சிக்கல் உண்டு. போகும்போது கப்பல் நிறைய ஆட்கள். திரும்பும்போது அறைகள் காலி. கப்பல் வைத்திருப்பவனுக்கும் லாரி வைத்திருப்பவனுக்கும் தூக்கத்தைக் கெடுப்பது இந்தக் காலித் திரும்பல்தான். தென்கடல் வணிகத்தின் வேர், என் கணிப்பில், இங்கேதான் இருக்கிறது.

ஜனவரி 10, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்கவும். வால்பரைசோவில் இருந்த முகவர் ஆகஸ்ட் உன்ஷெல்ம், தாஹித்திப் பக்கத்திலிருந்து அங்கே வந்திறங்கும் முத்துச்சிப்பியிலும் தேங்காய் எண்ணெயிலும் என்ன லாபம் கிடைக்கிறது என்பதைக் கவனித்தார். 1857 வாக்கில் சாமோவாவின் ஆப்பியா துறைமுகத்தில் கிளை திறந்தார். ஆகவே காலிக் கப்பல் மட்டுமே காரணம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலிக் கப்பல் தேவையை உண்டாக்கியது. சரக்கு எங்கே இருக்கிறது என்று காட்டியவர் துறைமுகத்தில் உட்கார்ந்து அடுத்தவர் சரக்கை எண்ணிக்கொண்டிருந்த ஒரு முகவர். 1864இல் ஃபிஜிப் பக்கம் அடித்த புயலில் உன்ஷெல்ம் கடலில் மாண்டார். அவர் இடத்துக்கு வந்த தியோடோர் வேபருக்கு அப்போது இருபது வயது.

ஜனவரி 12

இப்போது கொப்பரைக்கு வருகிறேன். இந்த இழையில் நான் நீளமாக எழுத விரும்பியதே இதைத்தான்.

வேபருக்கு முன் தீவுகளிலிருந்து போனது எண்ணெய். தீவுவாசிகள் தேங்காயைத் துருவி, பழைய தோணிகளில் குவித்து, வெயிலில் விட்டுவிடுவார்கள். துருவல் அழுகி எண்ணெய் கசியும்; அதை வடித்துப் பீப்பாயில் அடைப்பார்கள். களத்தில் இரண்டு மழை நாள் நனைந்த பருப்பு எப்படி நாறும் என்று அறிந்தவர்கள், அழுகவிட்டே எடுத்த எண்ணெய் மாதக்கணக்கில் கப்பலில் கிடந்து ஹாம்பர்க்கில் இறங்கும்போது எந்த நிலையில் இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். நிறம் கெட்ட, காறல் வாடை அடிக்கும் எண்ணெய். சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் மட்டுமே ஆகும். போதாக்குறைக்குப் பீப்பாய்களைத் தீவுக்கு வரவழைக்க வேண்டும், பீப்பாய் கட்டும் ஆளுக்குச் சம்பளம் தர வேண்டும், ஒழுகும் இழப்பையும் தாங்க வேண்டும்.

1860களின் பிற்பகுதியில் கோடெஃப்ராய் நிறுவனம் இதை மாற்றியது. பருப்பைத் துருவாமல் காயவைத்துக் கொப்பரையாகவே ஐரோப்பாவுக்கு அனுப்பி, அங்கே இயந்திரத்தில் ஆட்டுவது என்பதே மாற்றம். சொல்வதற்கு எளிது, கணக்கில் மூன்று இடங்களில் லாபம். முதலாவது, பீப்பாய்ச் செலவு அடியோடு ஒழிந்தது. கொப்பரையைக் கப்பலின் அடித்தளத்தில் அப்படியே கொட்டலாம். இரண்டாவது, நன்கு காய்ந்த கொப்பரையில் அறுபது சதவீதத்துக்கு மேல் எண்ணெய் நிற்கும், அழுக்கும் குறைவு. மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை: புண்ணாக்கு. தோணியில் அழுகிய துருவலின் சக்கை தீவிலேயே வீணாகியது. கொப்பரையாகப் போனபோது அந்தச் சக்கை ஐரோப்பாவின் ஆலையில் புண்ணாக்காக வெளிவந்து, கறவை மாட்டுக்காரர்களிடம் விலையானது. எங்கள் ஊர் ஆலைக்காரர்கள், எண்ணெயில் கூலிதான் கிடைக்கும், லாபம் புண்ணாக்கில்தான் என்று சலித்துக்கொள்வதுண்டு. முழு உண்மை இல்லை. ஆனால் முழுப் பொய்யும் இல்லை.

எடையையும் சொல்லிவிடுகிறேன். முற்றிய தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி நீர். அதை ஆறு சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால்தான் கொப்பரை நிற்கும். எங்கள் பக்கத்துக் காயில் ஒரு டன் கொப்பரைக்கு ஆறாயிரம், ஏழாயிரம் காய்கள் பிடிக்கும். காய்ச்சல் போதாமல் மூட்டை பிடித்தால் பூஞ்சை படியும், குவியல் சூடேறும், வண்டு வைக்கும். ஒருமுறை அரைக்காய்ச்சலில் அவசரமாக ஏற்றிவிட்ட சுமையை ஓர் ஆலை ஈரத்துக்கென்று கழித்த கழிவு, கூலியையும் லாபத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டது. பூமியைப் பாதி சுற்றிப் போகும் பாய்மரக் கப்பலில் இந்த இழப்பு எத்தனை மடங்காகும் என்பதை நினைத்துப் பார்த்தால், அவர்கள் தீவுதோறும் ஏன் ஆள் வைத்துக் காயவைப்பதைக் கண்காணித்தார்கள் என்பது விளங்கும்.

ஜனவரி 13

"அப்படியானால் கொப்பரையைக் கண்டுபிடித்தவர் வேபரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. தேங்காயைக் காயவைத்து ஆட்டுவது நம் கடற்கரைகளிலும் இலங்கையிலும் அவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்த தொழில். அவர்கள் செய்தது இட மாற்றம்: செக்கைத் தீவிலிருந்து எடுத்து ஐரோப்பாவில் வைத்தார்கள். பதப்படுத்தும் லாபமும் அதோடு கப்பலேறிவிட்டது.

ஜனவரி 15

இனிக் கொஞ்சம் கசப்பானதற்கு வருவோம். கொப்பரைக்கு நிறுவனம் எதைக் கொடுத்தது?

பெரும்பாலும் பணம் அன்று. துணி, புகையிலை, கத்தி, கோடரி, துப்பாக்கி. சரக்கைக் கொடுத்துச் சரக்கை வாங்கும்போது இரண்டு பக்கமும் விலையை வைப்பவர் ஒருவரே ஆகிறார். பணம் கொடுத்தபோதும் நல்ல பணமாக இல்லை. பொலிவியா, சிலி போன்ற நாடுகளின் மதிப்பிழந்த வெள்ளி நாணயங்களைத் தள்ளுபடியில் வாங்கி வந்து, தீவுகளில் முகமதிப்புக்குப் புழங்கவிட்டார்கள். வால்பரைசோவில் கிளை இருந்த நிறுவனத்துக்கு இந்த நாணயம் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நாணயத்தை வேறெங்கும் கொண்டுபோய்ச் செலவழிக்க முடியாத தீவுவாசி, அதே கடைக்குத்தான் திரும்பி வர வேண்டும்.

தோங்காவில் நடந்தது இதைவிட நுட்பம். அங்கே மெதடிஸ்ட் மிஷன் ஆண்டுதோறும் காணிக்கைக் கூட்டம் நடத்தும். ஊருக்கு ஊர் போட்டி போட்டுக் காணிக்கை செலுத்துவது வழக்கம். கையில் வெள்ளி இல்லாதவர்களுக்குக் கோடெஃப்ராயின் ஆட்கள் கூட்டம் நடக்கும் இடத்திலேயே நாணயத்தைக் கடனாகக் கொடுத்து, பிறகு அதைக் கொப்பரையாக வசூலித்தார்கள். காணிக்கை மிஷனுக்குப் போனது, மரத்திலிருக்கும் காய் நிறுவனத்துக்கு அடமானமானது. காய் இறங்குவதற்கு முன்பே மரத்தை வைத்து முன்பணம் கொடுப்பது எந்தத் தேங்காய்ச் சீமைக்கும் புதிதில்லை. கோயில் திருவிழா நாளைப் பார்த்து முன்பணம் கொடுக்கும் வியாபாரியை நானும் அறிவேன். ஆனால் கூட்டத்துக்குள்ளேயே பெட்டியைத் திறந்து உட்கார்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

ஜனவரி 15, பின்சேர்க்கை

இதிலுள்ள வேடிக்கையையும் குறித்துவைக்கிறேன். இந்த நிறுவனத்தின் வழக்கங்களைப் பற்றி 1874இல் நியூசிலாந்து அரசுக்கு ஓர் அறிக்கை போயிருக்கிறது. அதன்படி, தீவுகளிலிருந்த முகவர்களுக்கு இட்ட கட்டளைகளில் ஒன்று, மிஷனரிகளுக்குச் சொல்லாலும் செயலாலும் உதவக் கூடாது என்பது. இன்னொன்று, நிறுவனத்தின் விவகாரங்களை யாரிடமும் வாய்திறக்கக் கூடாது என்பது. இரண்டாவது கட்டளையை அவர்கள் நன்றாகவே காப்பாற்றினார்கள். முதலாவது, காணிக்கைக் கடனில் வட்டியும் கொப்பரையும் கலந்து வரும்போது சற்றுத் தளர்ந்துகொண்டது போலும்.

ஜனவரி 17

நிலத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. 1869 முதல் சாமோவாவில் தலைமைப் பட்டத்துக்காக உள்நாட்டுப் போர் மூண்டது. இரு தரப்புக்கும் துப்பாக்கி வேண்டியிருந்தது. கொடுப்பதற்கு அவர்களிடம் இருந்தது நிலம். வேபர் அந்த ஆண்டுகளில் உப்போலு தீவில் பெரும் பரப்புகளை எழுதி வாங்கினார். அவரே ஆப்பியாவின் ஜெர்மன் தூதரும் ஆவார். வாங்குபவரும் வழக்கு வந்தால் மேசையில் உட்காருபவரும் ஒருவரே என்பது பத்திரப்பதிவு அலுவலகத்தில் நாள் கழித்த நம் யாருக்கும் பொறாமை தரும் ஏற்பாடு.

இப்படி வாங்கியவர் அவர் மட்டும் இல்லை. பிற்காலத்தில், 1890களில், ஒரு நில ஆணையம் உட்கார்ந்து வெளிநாட்டார் உரிமை கோரிய நிலங்களையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது, அது சாமோவாவின் மொத்தப் பரப்பைப் போல இரு மடங்குக்கும் மேல் வந்தது. கோரியதில் சுமார் 8 சதவீதம் மட்டுமே செல்லும் என்று தீர்ந்தது. செல்லுபடியான பரப்பில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 75,000 ஏக்கர், ஜெர்மானியருடையது. ஊர் பேர் தெரியாத சூதாடிகள் வெற்றுத்தாளில் வாங்கிய காட்டில் வேபர் எல்லை அளந்து, பயிரும் வைத்திருந்தார் என்பதையே இது காட்டுகிறது. துப்பாக்கிக்கு வாங்கிய நிலம் என்ற உண்மை அதனால் மாறிவிடாது.

பயிர் வைத்த முறையும் சொல்லத்தக்கது. தென்னை காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை வரிசைகளுக்கு இடையில் பருத்தி போட்டார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறியிருந்த காலத்தின் தொடர்ச்சி அது. முலிஃபானுவாவில் அமைந்த தோட்டம் இவற்றில் பெரியது. தென்னைக்கு ஊடுபயிர் என்று இன்று வேளாண் அலுவலர்கள் சொல்லும் யோசனைதான். அங்கே அது முதலீட்டின் பசியாற்றும் வழியாக இருந்தது.

ஜனவரி 18

"அந்தத் தோட்டங்களில் தமிழர்கள் இருந்தார்களா?" இருந்ததில்லை. கோடெஃப்ராயின் சாமோவாத் தோட்டங்களுக்கு 1867 முதல் ஆட்களைக் கொண்டுவந்தது கில்பர்ட் தீவுகளிலிருந்து, அதாவது இன்றைய கிரிபாட்டியிலிருந்து. பின்னர் நியூ ஹெப்ரைடிஸ், சாலமன், நியூ பிரிட்டன் பக்கங்களிலிருந்து. சாமோவாக்காரர்கள் தங்கள் நிலத்தில் தங்கள் உணவைப் பயிரிட்டு வாழ்ந்ததால், பிறர் தோட்டத்தில் நாள் முழுக்கக் கூலிக்கு நிற்க அவர்களுக்கு அவசியம் இல்லை. அதனால்தான் கடல் கடந்து ஆள் பிடிக்க நேர்ந்தது. வறட்சியால் பட்டினி கிடந்த பவளத்தீவுகளில் ஆட்கள் கிடைப்பது எளிதாக இருந்தது. ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்கு. கையெழுத்துக்குப் பதிலாகக் குறி இட்டவர், எங்கே போகிறோம், எவ்வளவு காலம் என்பதை எந்த அளவுக்குப் புரிந்துகொண்டிருப்பார் என்பது நம் தோட்டத் தொழிலாளர் வரலாறு அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டாத கேள்வி.

நீங்கள் நினைத்தது ஃபிஜியாக இருக்கலாம். அது பிரிட்டிஷ் குடியேற்றம். இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களின் முதல் கப்பல் லியோனிடாஸ் அங்கே போய்ச் சேர்ந்தது கோடெஃப்ராய் முறிந்த அதே 1879இல். சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழரும் தெலுங்கரும் போகத் தொடங்கியது 1903 முதல்.

ஜனவரி 21

அருங்காட்சியகத்தைப் பற்றி எழுதாமல் நழுவுகிறேன் என்று ஒருவர் குற்றம் சாட்டியிருக்கிறார். நழுவவில்லை, வணிகத்தைச் சொன்ன பிறகு சொன்னால்தான் அது சரியாகத் தெரியும்.

ஹாம்பர்க்கின் ஆல்டர் வான்ட்ராம் தெருவில் நிறுவனத்தின் அலுவலகத்தை ஒட்டியே அருங்காட்சியகம் இருந்தது. ஷ்மெல்ட்ஸ் என்பவர் பொறுப்பாளர். தொடக்கத்தில் கப்பல் தலைவர்களிடம், போகிற இடத்தில் கண்ணில் படும் விந்தைகளைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். பிறகு சம்பளத்துக்கு ஆட்களை அனுப்பினார்கள். சாக்சனியைச் சேர்ந்த அமாலியே டீட்ரிஷ் 1863இல் நிறுவனத்தின் லா ரொஷெல் கப்பலில், குடியேறிகளோடு குடியேறியாக, குயின்ஸ்லாந்துக்குப் போய் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் செடிகள், பறவைகள், சிலந்திகள் என்று பெட்டி பெட்டியாக அனுப்பினார். கப்பலின் பெயர் மூதாதையர் விட்டு ஓடிய துறைமுகத்தின் பெயர் என்பதைக் கவனியுங்கள். போலந்துக்காரரான குபாரி பலாவ், யாப், போன்பே தீவுகளில் அலைந்தார். 1874இல் ஒரு கப்பல் பாறையில் மோதியதில் அவருடைய சேகரிப்பின் பெரும்பகுதி கடலுக்குப் போனது.

வந்து குவிந்ததில் ஒரே வகை பல இருக்கும் அல்லவா? அவற்றுக்கு விலைப்பட்டியல் அச்சிட்டார்கள். ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களும் அருங்காட்சியகங்களும் அந்தப் பட்டியலைப் பார்த்து வாங்கின. பட்டியலில் மனித எலும்புகளும் இருந்தன. டீட்ரிஷ் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் எலும்புக்கூடுகளையும் அனுப்பியிருக்கிறார்; அன்றைய உடற்கூற்றியலார் அவற்றுக்குக் காத்திருந்தார்கள். ஆகவே இதைச் செல்வம் கரைந்த ஓட்டை என்று சொல்வதைவிட, கப்பலின் மிச்ச இடத்தை நிரப்பிய இன்னொரு சரக்கின் கடை என்று சொல்வது பொருந்தும்.

ஜனவரி 22

நேற்று "கடை" என்று எழுதியதை இன்று படிக்கும்போது சற்றுக் கறாராகத் தெரிகிறது. 1873 முதல் அருங்காட்சியகத்தின் பெயரில் ஓர் ஆய்விதழ் வெளிவந்தது. வண்ணத் தகடுகளோடு பெரிய அளவில் அச்சிட்ட இதழ். பசிபிக்கின் மீன்களைப் பற்றி அதில் வந்த படங்களை இன்றும் மீனியலார் எடுத்துப் பார்க்கிறார்கள். இத்தகைய இதழ் நட்டத்தில்தான் ஓடியிருக்கும். அதை அறிந்தே நடத்தியிருக்கிறார். அதோடு, தீவுகளின் வரைபடமும் காற்றோட்டமும் மக்கள் வழக்கமும் அறிந்த ஆளைச் சம்பளத்தில் வைத்திருப்பது வணிகத்துக்கும் பயன்பட்டிருக்கும். குபாரி பறவை பிடித்த தீவுகளில் நிறுவனத்துக்குக் கொப்பரையும் வேண்டியிருந்தது. மனிதரின் ஆசையையும் கணக்கையும் தனித்தனியாகப் பிரித்து வைக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் செலவு அவரை முறித்திருக்காது என்பது மட்டும் நிச்சயம். முறித்ததைப் பற்றி அடுத்து எழுதுகிறேன்.

ஜனவரி 26

முறித்தது நிலக்கரியும் இரும்பும்.

1870இல் பிரான்சோடு போர் வந்தபோது பிரெஞ்சுக் கடற்படை ஜெர்மன் துறைமுகங்களை அடைத்தது. கப்பலை நம்பிய வீட்டுக்கு அது பெரிய அடி. போர் முடிந்து 1871இல் பேரரசு அமைந்ததும் ஜெர்மனியெங்கும் பங்கு மோகம் கிளம்பியது; மூலைக்கு மூலை சுரங்க நிறுவனம், உருக்காலை. கோடெஃப்ராய் வெஸ்ட்ஃபாலியாவின் சுரங்கங்களிலும் இரும்பாலைகளிலும் கனமாக முதலிட்டார். 1873இல் வியன்னாவில் தொடங்கிய பங்குச் சரிவு பெர்லினுக்குப் பரவி, அந்தப் பங்குகளையெல்லாம் காகிதமாக்கியது.

பசிபிக்கில் ஒவ்வொரு நாணயத்திலும் லாபம் பார்த்தவர், தம் சொந்த நாட்டில், ரயிலேறினால் போய்ப் பார்த்துவிடக்கூடிய சுரங்கத்தில் ஏமாந்தார். எனக்கு இதில் வியப்பு குறைவு. கொப்பரையில் வண்டு இருக்கிறதா என்று ஒரு பருப்பை ஒடித்து முகர்ந்தே சொல்லிவிடும் வியாபாரிகள், அதில் சம்பாதித்ததைத் தமக்குத் துளியும் தெரியாத நூற்பாலையிலோ மனை வணிகத்திலோ கொண்டுபோய்க் கொட்டுவதை எங்கள் பகுதியில் பார்த்திருக்கிறேன். சொந்தத் தொழிலில் அவர்களுக்கு ஐயம்தான் காவல். அடுத்த தொழிலில் அந்தக் காவல் உறங்கிவிடுகிறது.

அதன்பின் நடந்ததெல்லாம் காலத்தைத் தள்ளிப்போடும் வேலை. 1878இல் தென்கடல் சொத்துக்களை மட்டும் பிரித்து, ஜெர்மன் வணிக, தோட்ட நிறுவனம் என்ற பெயரில் பங்கு நிறுவனமாக்கினார்கள். அந்தப் பங்குகள் லண்டனின் பேரிங்ஸ் வங்கியிடம் அடமானத்துக்குப் போயின. பேரிங்ஸ் போன்ற வங்கி அவற்றை ஈடாக ஏற்றது என்பதே, தென்கடல் வணிகம் சாகவில்லை என்பதற்கு நல்ல சாட்சி. அடுத்த ஆண்டு டிசம்பரில் தாய் நிறுவனம் கைவிரித்தது.

ஜனவரி 27

குபாரி உள்ளிட்ட சேகரிப்பாளர்களுக்குச் சம்பளம் நின்றது. அருங்காட்சியகத்தின் தீவுவாசிகள் பற்றிய பகுதி 1885இல் லைப்சிக்குக்கு விலை போயிற்று. உயிரியல் பகுதியின் பெரும்பங்கு ஹாம்பர்க்கிலேயே தங்கியது. ஆல்டர் வான்ட்ராம் குடியிருப்பே அந்தப் பத்தாண்டில் இடிக்கப்பட்டு, சுங்கமில்லாத் துறைமுகக் கிடங்குகளாயிற்று. எல்பே ஆற்றங்கரை மாளிகையும் அதைச் சுற்றிய மான் பூங்காவும் மட்டும் இன்றும் இருக்கின்றன. இன்று பொதுமக்கள் பூங்கா. மான்களும் உண்டு. கடன்காரர்கள் மான்களை எந்தத் தலைப்பில் மதிப்பிட்டார்கள் என்று தேடிப் பார்க்க எனக்கு ஆசை.

பிப்ரவரி 2

கடைசியாக வந்த கேள்வி: "பிஸ்மார்க் உதவ முன்வந்தாரே, நாடாளுமன்றம் இசைந்திருந்தால் கோடெஃப்ராய் பிழைத்திருப்பாரா?"

பிழைத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஜெர்மன் பேரரசின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கின் அரசு 1880இல் கொண்டுவந்த சாமோவா மசோதா, தென்கடல் சொத்துக்களை ஏற்கப்போகும் ஒரு புதிய நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு அரசின் லாப உத்தரவாதம் தரும் ஏற்பாடு. லண்டனில் அடமானமாகக் கிடக்கும் தோட்டங்கள் ஆங்கிலேயர் கைக்குப் போய்விடும் என்ற அச்சமே அதன் உந்துதல். பெர்லின் வங்கியாளர் ஹான்செமான் அதற்குப் பின்னால் நின்றார். தாராளவாதியான லூட்விக் பாம்பெர்கர் எழுந்து, நொடித்த ஒரு வணிகரின் நட்டத்தை வரிசெலுத்துவோர் ஏன் சுமக்க வேண்டும் என்ற பக்கத்தைக் கடுமையாக வாதிட்டார். ஏப்ரல் 27 அன்று வாக்கெடுப்பில் 128க்கு 112 என்ற கணக்கில் மசோதா தோற்றது. வென்றிருந்தாலும் அந்தப் பணம் அடமானத்தை மீட்கவும் புதிய பங்குதாரரைத் தேற்றவும் போயிருக்கும். ஐந்து மாதங்களுக்கு முன்பே முறிந்துவிட்ட குடும்ப நிறுவனத்தின் பேரேட்டில் ஒரு வரியும் மாறியிருக்காது. கோடெஃப்ராய் 1885இல் இறந்தார்.

உத்தரவாதம் கிடைக்காத அந்தத் தோட்ட நிறுவனமோ கடன்காரர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு தொடர்ந்து நடந்தது. பின்னாளில் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையும் தந்தது. 1914இல் நியூசிலாந்துப் படை வந்து சாமோவாவைப் பிடிக்கும் வரை, வேபர் நட்ட தென்னையிலிருந்து கொப்பரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.